வீட்டுக்குள் நீராவிக் குளியல்: பூச்சு வேலைக்கு முன் குழாய்களை எப்படி முடிவு செய்வது?

புதுமனை, கோயம்புத்தூர்

வணக்கம். வடவள்ளியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். செங்கல் வேலை முடிந்துவிட்டது. பூச்சு வேலை தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும்.

அம்மாவுக்கு ஐப்பசி பிறந்தாலே மூக்கடைப்பும் தலைபாரமும் வந்துவிடும். தை முடியும்வரை வாரத்தில் நான்கு நாள் நொச்சி இலை போட்டு வேது பிடிப்பார். போன மார்கழியில் போர்வைக்குள் குனிந்திருந்தபோது பானை சாய்ந்து வலது காலில் கொதிநீர் கொட்டிவிட்டது. புண் ஆற ஐந்து வாரம் ஆனது. இனி அடுப்பிலிருந்து பானை இறக்கும் வேலையே வேண்டாம் என்று, அவர் அறையை ஒட்டிய குளியலறையில் ஒரு மூலையைக் கண்ணாடியால் அடைத்து நீராவிக் குளியலுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

மூலையின் அளவு நீளம் 5 அடி, அகலம் 4 அடி, உயரம் ஏழரை அடி. ஒரு சுவர் மேற்கு வெளிச்சுவர், இன்னொன்று அம்மாவின் படுக்கையறைச் சுவர். உட்காரக் கருங்கல் திண்ணை. நீராவி தரும் மின் இயந்திரத்தை, அதாவது ஸ்டீம் ஜெனரேட்டரை, குளியலறைக் கதவுக்கு மேலே உள்ள பரணில் வைக்க எண்ணம். இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் 4.5 கிலோவாட் போதும் என்கிறார், மற்றவர் 9 கிலோவாட் இல்லாமல் முடியாது என்கிறார்.

எங்கள் பிளம்பர் நல்ல வேலைக்காரர், ஆனால் இதைச் செய்ததில்லை. "கீசருக்கு இழுக்கிற அதே சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பையே இழுத்துவிடலாம், சுடுதண்ணீர் பைப்தானே" என்கிறார். வீட்டில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் சிறுவாணித் தண்ணீர், மற்றதில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். மாடியில் 200 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலனும் வரப்போகிறது. எந்தத் தண்ணீரை எந்தப் பைப்பில் கொண்டுவந்து எங்கே வெளியேற்றுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அண்ணாநகர் மாடி, சென்னை

சி.பி.வி.சி. வேண்டவே வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் அடுக்குமாடி வீட்டில் மூன்று வருடத்துக்கு முன் இதே வேலையைச் செய்தோம். ஒப்பந்தக்காரர் நீராவிப் பைப்பையும் சி.பி.வி.சி.யிலேயே இழுத்து, சுவருக்குள் புதைத்து, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். முதல் நான்கு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பக்கத்து அறை அலமாரிக்குப் பின்னால் வண்ணப்பூச்சு உப்பிப் பெயரத் தொடங்கியது. மழைக்கசிவு என்று நினைத்து வெளிச்சுவருக்குப் புதிதாக வண்ணம் அடித்தோம். நிற்கவில்லை. கடைசியில் டைல்ஸை உடைத்தபோது உள்ளே இருந்த பைப், வெயிலில் கிடந்த மெழுகுவர்த்தி போல இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே தொய்ந்து கிடந்தது. வளைவு இணைப்பான எல்போவில் பசை விட்டுப்போய், விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பைப்பை மாற்ற ஆன செலவைவிட, அதே நிறத்தில் டைல்ஸ் தேடி அலைந்த செலவு அதிகம்.

நீங்கள் பூச்சுக்கு முன்பே கேட்கிறீர்கள். அந்த மூன்று வாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

குழாய்க்காரர், ஈரோடு

சகோதரி, உங்கள் பிளம்பர் சொன்னதில் பாதி சரி. சி.பி.வி.சி. சுடுதண்ணீர் பைப்தான், ஆனால் அதன் உச்சவரம்பு 93 டிகிரி. கீசர் தண்ணீர் 60, 70 டிகிரியோடு நின்றுவிடும். நீராவி 100 டிகிரியில் வரும். அந்தச் சூட்டில் அது தன் எடையையே தாங்காமல் தொய்யும். சென்னை நண்பருக்கு நடந்தது அதுதான்.

இந்த வேலையில் நான்கு பைப்புகள் இருக்கின்றன. இயந்திரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது ஒன்று, நீராவி வருவது ஒன்று, இயந்திரத்தின் அடித்தண்ணீரை வெளியேற்றுவது ஒன்று, அழுத்தம் மிகுந்தால் திறக்கும் பாதுகாப்பு வால்விலிருந்து இறங்குவது ஒன்று. நான்குக்கும் குணம் வேறு. ஒரே பைப்பை நான்குக்கும் போடுவதில்தான் தவறு தொடங்குகிறது.

தண்ணீர் போகும் பைப்புக்கு சி.பி.வி.சி. தாராளமாகப் போதும், அரை அங்குலம். இயந்திரத்துக்கு முன்னால் திறந்து மூட ஒரு பால் வால்வு, ஒரு வடிகட்டி, திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு, கழற்றி மாட்ட ஒரு யூனியன். இவற்றோடு ஒரு டீயும் (மூன்று வாய் இணைப்பு) மூடியும் இப்போதே வைத்துவிடுங்கள். பின்னாளில் உள்ளே படியும் சுண்ணாம்பைக் கரைக்க மருந்து ஊற்ற அந்த வழி வேண்டும். அது இல்லாத வீடுகளில் இயந்திரத்தையே கழற்றி இறக்குகிறோம்.

நீராவிப் பைப் தாமிரமாக இருக்க வேண்டும், அல்லது 304 தர எவர்சில்வர். ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) போட்டால் உள்ளே துருப்பிடித்து, வெள்ளை டைல்ஸில் பழுப்புக் கோடு இறங்கும். தாமிரத்தை நன்றாகப் பற்றவைக்க வீட்டுப் பிளம்பரைவிட ஏ.சி. பொருத்துகிறவர்களுக்குக் கை பழகியிருக்கும், கோவையில் ஆள் கிடைப்பார்கள். இயந்திரத்தின் வாய் எந்த அளவோ அந்த அளவைக் குறைக்கக் கூடாது. வழியில் எந்த வால்வும் கூடாது, ஒரு சின்னத் திருகுகூடக் கூடாது. அதை யாராவது மூடிவிட்டால் நீராவிக்குப் போக்கிடம் இல்லை. ஓரடிக்குக் கால் அங்குலம் என்று முழு நீளத்துக்கும் ஒரே பக்கமாகச் சரிவு கொடுங்கள். மேலே கண்ணாடிக் கம்பளி சுற்றுங்கள். கீசர் பைப்புக்குச் சுற்றும் வெள்ளை நுரை உருகிவிடும்.

பலர் விடும் இடம் இன்னொன்று. 3 மீட்டர் தாமிரப் பைப் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும். சிமென்ட் கலவையில் நேராகப் புதைத்தால் டைல்ஸில் மயிரிழை விரிசல் விழும். சுவரைத் தாண்டும் இடத்தில் ஒரு பெரிய பைப் துண்டை உறையாக வைத்து, அதற்குள் இதை விடுங்கள்.

நீராவி வெளிவரும் முனை தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில், திண்ணைக்கு எதிர்ப்பக்கக் கடைக்கோடியில் இருக்கட்டும். ஏற்கெனவே காலில் பட்டவர் என்கிறீர்கள். கால் போகும் இடத்தில் அது இருக்கவே கூடாது.

வெளியேறும் தண்ணீர்: பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல் நிலையாகத் தாங்காது. தானாகக் காலி செய்யும் இயந்திரங்கள் பெரும்பாலும் ஆறவிட்டுத்தான் திறக்கும், ஆனாலும் அதை நம்பிக் குழாய் போடாதீர்கள். முதல் இரண்டு மீட்டர் தாமிரத்தில் இறக்கி, தரை வடிகாலான நஹானி ட்ராப்புக்கு மேலே கண்ணில் தெரியும்படி இடைவெளி விட்டு ஊற்றவிடுங்கள். நேரடியாகக் கழிவுக் குழாயில் செருகினால் சாக்கடை வாடை இயந்திரம் வழியாகவே மேலேறும்.

பாதுகாப்பு வால்வின் பைப் தனியாக இறங்க வேண்டும். தரைக்கு அரை அடி மேலே, கீழ்நோக்கிய வாயோடு முடிய வேண்டும். பரணிலேயே அதை விட்டுவிட்டால், திறக்கும் நாளில் கொதிநீர் கதவு வழியாக வருகிறவர் தலையில் விழும்.

புதுமனை, கோயம்புத்தூர்

அண்ணா, மிக்க நன்றி. இதை அச்செடுத்துப் பிளம்பரிடம் கொடுத்துவிட்டேன். ஓரிடத்தில் சிக்கல். பரணிலிருந்து வரும் வழியில் சன்னல் இருக்கிறது. சன்னலுக்குக் கீழே இறங்கி, அந்தப் பக்கம் கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கினால்தான் முனைக்குப் போக முடியும் என்கிறார். ஓர் அடி ஏற்றம்தான். பரவாயில்லையா?

கொதிகலன், திருப்பூர்

பரவாயில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள் அம்மா. நான் 31 வருடம் சாயப்பட்டறை பாய்லர்களில் வேலை பார்த்தவன். உங்கள் வீட்டு இயந்திரம் அவற்றின் முன் ஒரு குழந்தை, ஆனால் நீராவி ஒன்றுதான்.

பைப்பில் எங்கே தொட்டில் போலப் பள்ளம் இருக்கிறதோ அங்கே தண்ணீர் தேங்கும். நீராவி குளிர்ந்த பைப்பைத் தொட்டதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீராகிவிடும், அந்தச் சொட்டுகள் எல்லாம் பள்ளத்தில் சேரும். பள்ளம் நிறைந்ததும் வழி அடைபடும். பின்னால் நீராவி சேர்ந்து அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் தேங்கிய தண்ணீர் முழுவதையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். முனையிலிருந்து கொதிநீர் பீய்ச்சி அடிக்கும். சாயப்பட்டறையில் இதற்குப் பயந்துதான் பத்தடிக்கு ஒருமுறை பைப்பைக் கையால் தடவிச் சரிவு பார்ப்போம். பானையிலிருந்து தப்பித்த காலில் பைப்பிலிருந்து கொட்டக் கூடாது.

சன்னலுக்கு மேலே கொண்டுபோங்கள். சன்னல் மேலுள்ள கான்கிரீட் விட்டமான லிண்டலுக்கு மேல் ஒரே சரிவில் போய், மூலையில் செங்குத்தாக இறங்கட்டும். இரண்டு மீட்டர் தாமிரம் கூடுதலாகும், ஆகட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு என்றால் கொதிகலன் சட்டத்தின் கணக்கில் வராது. எங்கள் பாய்லருக்கு வருடந்தோறும் ஆய்வாளர் வந்து சான்று தருவார். உங்கள் பரணுக்கு யாரும் வர மாட்டார்கள். பாதுகாப்பு வால்வின் நெம்புகோலை மாதம் ஒருமுறை நீங்களே தூக்கிப் பார்க்க வேண்டும், இயந்திரம் ஆறியிருக்கும்போது. ஏறி நின்று கை எட்டும்படி இடம் விட்டிருக்கிறீர்களா?

தண்ணீர் விஷயத்தைத் தனியாக எழுதுகிறேன். எனக்கு இயந்திரத்தைவிட அதுதான் முக்கியம். டி.டி.எஸ். கருவி (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டுவது) இருந்தால் இரண்டு தொட்டியிலும் அளந்து சொல்லுங்கள்.

புதுமனை, கோயம்புத்தூர்

அளந்துவிட்டேன் ஐயா. சிறுவாணித் தொட்டி 60, ஆழ்துளைக் கிணறு 1,350.

நீர்த்துளி, தஞ்சாவூர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எப்படியும் வீட்டில் ஆர்.ஓ. இருக்குமே, அந்தத் தண்ணீரையே இயந்திரத்துக்குக் கொடுத்தால் சுண்ணாம்பே படியாதே? அதோடு சூரிய வெந்நீர்க் கலனிலிருந்து 60 டிகிரித் தண்ணீரை விட்டால் மின்சாரமும் பாதி மிச்சமாகுமே. ஏன் யாரும் சொல்லவில்லை?

கொதிகலன், திருப்பூர்

நல்ல கேள்விகள், இரண்டையும் கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலில் வெந்நீர். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 293 கிலோஜூல் வேண்டும். கொதிக்கும் தண்ணீரை ஆவியாக மாற்ற 2,257 கிலோஜூல் வேண்டும். மொத்தம் 2,550. நீங்கள் 60 டிகிரித் தண்ணீரை விட்டால் மிச்சமாவது 126. நூற்றுக்கு ஐந்துதான். கொதிக்கவைப்பது சிறு வேலை, ஆவியாக்குவதுதான் பெரு வேலை. முதல் ஆவி இரண்டொரு நிமிடம் முந்தி வரும், அவ்வளவே. அதற்காக இன்னொரு பைப் இழுப்பதும், வெந்நீர் தாங்குமா என்று வால்வின் ரப்பரைச் சோதிப்பதும் வீண்.

இனி ஆர்.ஓ. பல இயந்திரங்களில் தண்ணீர் மட்டத்தை அறிய இரண்டு கம்பிகள் உள்ளே தொங்கும். தண்ணீர் அவற்றைத் தொட்டதும் அதன் வழியே மிகச் சிறிய மின்சாரம் பாயும், அதைக் கொண்டுதான் இயந்திரம் நிறைந்துவிட்டது என்று அறியும். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. தண்ணீர் நிறைந்த பிறகும் இல்லை என்றே காட்டும், நிரப்பிக்கொண்டே இருக்கும். மிதவை வைத்த இயந்திரமானால் இந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போது அதைக் கேளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு தொட்டி. 6 கிலோவாட் இயந்திரம் மணிக்கு 8 லிட்டருக்குச் சற்று மேல் ஆவியாக்கும். 20 நிமிடத்துக்கு 2.8 லிட்டர் என்று வையுங்கள். ஆவி சுத்தமாகப் போய்விடும், உப்பு முழுவதும் உள்ளேயே நிற்கும். 1,350 என்றால் லிட்டருக்கு 1.35 கிராம். ஒரு குளியலுக்கு 3.8 கிராம். நூறு குளியலுக்கு 380 கிராம், சமையலறை டம்ளர் நிறைய. சிறுவாணியில் அதே நூறு குளியலுக்கு 17 கிராம், ஒரு மேசைக்கரண்டி. கோவைக்காரர்கள் குடிப்பதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளும் நல்ல தண்ணீரை இதற்குக் கொடுங்கள். ஆவியாவது மாதத்துக்கு 50 லிட்டர்கூட இருக்காது. 60 என்ற அளவு கம்பி மட்டமானிக்குப் பெரும்பாலும் போதும். அறிய வேண்டிய குறைந்தபட்ச அளவு கையேட்டில் இருக்கும்.

உப்புத் தண்ணீர் விட்ட ஒரு ஹீட்டர் கம்பியை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். விரல் தடிமன் இருக்க வேண்டிய கம்பி வாழைத்தண்டு போலப் பருத்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் தட்டியதும் முட்டை ஓடு போல அடுக்கடுக்காக உதிர்ந்தது. உள்ளே இருந்த உலோகம் சூடு வெளியேற வழியின்றிக் கருகிக் கீறியிருந்தது.

குழாய்க்காரர், ஈரோடு

ஐயா சொல்வது சரி. ஆனால் எல்லா ஊரிலும் சிறுவாணி கிடைக்காது. உப்புத் தண்ணீர் மட்டுமே உள்ள வீடுகளில் நான் மென்னீர்க் கருவி போட்டுத்தான் இணைக்கிறேன்.

கொதிகலன், திருப்பூர்

கடினத்தன்மை போகும் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கருவி கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைத் தருகிறது. மொத்த உப்பு குறையாது. ஆயிரத்துக்கு மேல் உள்ள தண்ணீர் கொதிக்கும்போது நுரைத்து, ஆவியோடு தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகும். டைல்ஸில் வெள்ளைத் திட்டு வரும். மென்னீர் விட்டால் ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் அடித்தண்ணீரை முழுவதும் வெளியேற்றியே ஆக வேண்டும். அந்த வழக்கம் உள்ள வீட்டுக்கு மட்டும் போடுங்கள்.

குழாய்க்காரர், ஈரோடு

அதற்காகத்தான் தானாகக் காலி செய்யும் வால்வு உள்ளதையே வாங்கச் சொல்கிறேன். கையால் திறக்கும் வால்வை இரண்டாம் மாதத்துக்குப் பிறகு யாரும் திறப்பதில்லை.

இன்னொரு விஷயம், அழுத்தம். தொட்டியின் உயரம் 10 மீட்டருக்குச் சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. உங்கள் பரணுக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் 5 மீட்டர் என்றால் அரைக் கிலோதான். சில இயந்திரங்களில் தண்ணீரை உள்ளே விடும் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் இயங்குவது) தண்ணீர் அழுத்தத்தின் உதவியால் திறப்பது. அரைக் கிலோவில் அது சரியாகத் திறக்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அழுத்தமே இல்லாவிட்டாலும் நேரடியாகத் திறக்கும் வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு வால்வுக்காக வீடு முழுவதற்கும் அழுத்தப் பம்பு வாங்க வேண்டாம்.

மின்பணி, சேலம்

அறையின் கொள்ளளவு 150 கன அடி, அதாவது 4.25 கன மீட்டர். நான் வைத்துக்கொள்ளும் தொடக்கக் கணக்கு ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட். அதன்படி 4.5 போதும். ஆனால் உங்களுக்குக் கருங்கல் திண்ணை, வெளிச்சுவர், கண்ணாடி மூன்றும் இருக்கின்றன. கல் சூட்டை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். 6 கிலோவாட் எடுங்கள். 9 தேவையில்லை. சின்ன அறையில் பெரிய இயந்திரம் வைத்தால் சூடு சட்டென்று ஏறி இயந்திரம் நின்றுவிடும், மறுபடி ஓடி ஆவி பாயும், வயதானவருக்கு அது சுகமாக இராது.

6 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 26 ஆம்பியர். மீட்டர் பலகையிலிருந்து தனியாக 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, 32 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை மிகுந்தால் விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் மின்கசிவில் விழும் ஆர்.சி.சி.பி. இவற்றில் எதையும் குறைக்காதீர்கள். எர்த் கம்பியை இயந்திரத்தின் உடலோடும் தாமிரப் பைப்போடும் சேர்த்துக் கட்டுங்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டு கம்பியையும் துண்டிக்கும் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். புது இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தச் சுமையையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். சூடேற 10 நிமிடம், குளியல் 15 நிமிடம் என்றால் இரண்டரை யூனிட் ஆகும்.

சுவர்ப்பக்கம், மதுரை

நான் கட்டடப் பொறியாளர். எல்லோரும் பைப்பைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், அந்த நீராவி எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

45 டிகிரியில் முழு ஈரமான காற்று ஒரு கன மீட்டரில் 65 கிராம் தண்ணீரைத்தான் வைத்துக்கொள்ளும். உங்கள் அறையின் காற்று முழுவதும் சேர்த்து 280 கிராம். ஐயா கணக்கில் உள்ளே வருவது 2.8 லிட்டர். ஆக, காற்றில் நிற்பது பத்தில் ஒரு பங்குதான். மீதி ஏறக்குறைய எல்லாம் சுவரிலும் கூரையிலும் தரையிலும் தண்ணீராக இறங்குகிறது. அதுவும் ஆவியாக வந்து, டைல்ஸ் இடுக்கில் நுழைந்து, உள்ளே போய்க் குளிர்ந்து தண்ணீராகிறது. சாதாரண ஷவரில் தண்ணீர் மேலிருந்து கீழே ஓடிவிடும். இங்கே அது எல்லாத் திசையிலும் தேடிப் போகும்.

அதனால் தரையிலிருந்து கூரை வரை, கூரையின் அடிப்பக்கம் உட்பட, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை வேண்டும். ஆவியையும் தடுக்கும் வகையா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். மூலைகளில் துணிப்பட்டை வைத்துப் பூசுங்கள். பைப் சுவரைத் தாண்டும் ஒவ்வோர் ஓட்டையும் ஒரு மூலைதான், அங்கேயும் பட்டை வேண்டும். டைல்ஸ் இடுக்குக்குத் தண்ணீர் உறிஞ்சாத எபாக்ஸிக் கலவை. ஜிப்சம் பொய்க்கூரை ஒரு பருவம்கூட நிற்காது.

கூரை சமமாக இருந்தால் குளிர்ந்த சொட்டு உட்கார்ந்திருப்பவர் உச்சந்தலையில் விழும். வெளிநாட்டுக் கையேடுகளில் ஓரடிக்கு 2 அங்குலச் சரிவு என்று சொல்வார்கள். திண்ணையிலிருந்து எதிர்ச்சுவரை நோக்கிச் சரித்துவிடுங்கள். தரைக்கு ஓரடிக்குக் கால் அங்குலம் போதும். பூச்சு காய்ந்ததும் தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்த்த பிறகுதான் டைல்ஸ்.

குழாய்களை மூடும் முன் அழுத்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். ஷவர் பைப்புகளில் 7 கிலோ ஏற்றி ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் அழுத்தமானியின் முள் இறங்கியிருந்தால் பூச்சுக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மல்லிகைத்தோட்டம், திண்டுக்கல்

நான் செவிலியர். குழாயோடு தொடர்புள்ள ஒன்றை மட்டும் சொல்கிறேன். திண்ணையில் உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் ஒரு குளிர்ந்த தண்ணீர்க் கைஷவர் வையுங்கள். மயக்கம் வருவது போலத் தோன்றினால் எழுந்து, நீராவி முனையைத் தாண்டிப் போய்த் திருக வேண்டிய நிலை வரக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் வேண்டாம். அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, முதலில் 5 நிமிடத்தில் தொடங்குங்கள்.

புதுமனை, கோயம்புத்தூர்

இந்த இழையை வீட்டுக்காரரும் பிளம்பரும் கூட உட்கார்ந்து படித்தார்கள். முடிவு செய்தது இது.

நீராவிப் பைப் லிண்டலுக்கு மேலே, தாமிரத்தில், மொத்தம் 4 மீட்டர். ஏ.சி. பொருத்தும் ஒருவர் வந்து பற்றவைக்கிறார். சிறுவாணித் தொட்டியிலிருந்து தனி அரை அங்குல பைப். மிதவை மட்டமானியும் நேரடியாகத் திறக்கும் வால்வும் உள்ள 6 கிலோவாட் இயந்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது. பரணில் எவர்சில்வர் தட்டு வைத்து, தட்டுக்கும் தனி வடிகால். கூரைச் சரிவுக்கு ஓரடிக்கு 2 அங்குலம் கொடுத்தால் எதிர்ச்சுவர்ப் பக்கம் கூரை மிகவும் தாழ்ந்துவிடும் போலிருக்கிறது, ஒரு அங்குலம் கொடுக்கிறோம். திண்ணைக்குப் பக்கத்தில் கைஷவர் வருகிறது.

அம்மா ஒன்றே ஒன்று கேட்கிறார். நொச்சி இலையையும் நீலகிரித் தைலத்தையும் எங்கே போடுவது? இயந்திரத்துக்குள் ஊற்றலாமா?

கொதிகலன், திருப்பூர்

இயந்திரத்துக்குள் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது அம்மா. எண்ணெய்ப் பசை தண்ணீரின் மேல் படர்ந்தால் நுரைக்கும், ஹீட்டரில் ஒட்டிக் கருகும். பல நீராவி முனைகளின் தலையில் சிறு குழி இருக்கும், தைலம் இரண்டு சொட்டு அதில் விடுங்கள். இயந்திரத்தை ஓட்டும் முன் விட வேண்டும், ஓடும்போது கை நீட்டக் கூடாது.

நொச்சிக்கு எங்கள் வீட்டு வழி: இலையைக் கசக்கி மெல்லிய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, முனைக்கு இரண்டடி மேலே ஒரு கொக்கியில் தொங்கவிடுவோம். ஆவி மூட்டையைத் தாண்டித்தான் மேலேறும். கொக்கிக்கான ஆணியை இப்போதே, நீர்த்தடுப்புப் பூச்சுக்கு முன்பே அடித்துவிடுங்கள். பிறகு துளையிட்டால் சுவர்ப்பக்கம் சகோதரி சொன்ன பூச்சு கிழிந்துவிடும்.

புதுமனை, கோயம்புத்தூர்

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். புதுமனை புகுந்து நான்கு மாதம் ஆகிறது. நேற்று கார்த்திகை தீபம். விளக்கேற்றி முடித்து, அம்மா 12 நிமிடம் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

நடந்தவற்றை அப்படியே சொல்கிறேன். அழுத்தச் சோதனையில் முதல் இரவே முள் 7 கிலோவிலிருந்து 4 கிலோவுக்கு இறங்கிவிட்டது. கைஷவருக்குப் போகும் பைப்பில் ஓர் இணைப்பில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. பிளம்பரே கண்டுபிடித்து மாற்றினார். பூசி மூடியிருந்தால் திண்ணையின் கருங்கல்லையே பெயர்த்திருக்க வேண்டும்.

முதல் வாரம் முனை வழியாகத் தண்ணீர் துப்பியது. கொதிகலன் ஐயா சொன்னதை வைத்துப் பைப்பை மட்டப்பலகை வைத்துப் பார்த்தோம். பற்றவைத்தவர் லிண்டல் மேல் ஒரு கிளிப்பைக் கால் அங்குலம் தாழ்த்தி அடித்திருந்தார். பைப்பை மூடியிருக்கும் பலகையைத் திருகு போட்டுத்தான் பொருத்தியிருந்தோம், அதனால் கழற்றிக் கிளிப்பை உயர்த்த அரை மணி நேரம்தான் ஆனது. அன்றோடு நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை அடித்தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பார்த்தேன். 40 குளியலுக்குப் பிறகும் அடியில் ஒரு சிட்டிகை அளவுக்குத்தான் வெண்மணல் போல இருந்தது. அம்மாவின் படுக்கையறைச் சுவரை வாரம் ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறேன், உலர்ந்தே இருக்கிறது.

ஒரே குறை, கூரை. அங்குலச் சரிவு போதவில்லை. கைஷவர்ப் பக்கத்து மூலையில் இன்னும் சொட்டுகிறது. அம்மா திண்ணையில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்.

சுவர்ப்பக்கம், மதுரை

அந்த மூலையில் விளக்குக்கான பெட்டி எதுவும் இருக்கிறதா? விளிம்பு அரை மில்லிமீட்டர் துருத்தினாலும் சொட்டு அங்கேதான் சேரும். பெட்டியைச் சுற்றியுள்ள சிலிக்கானைச் சீவிவிட்டு மட்டமாகப் பூசிப் பாருங்கள்.

புதுமனை, கோயம்புத்தூர்

இருக்கிறது. விளக்குக்குச் சரியாகக் கீழேதான் சொட்டுகிறது. நாளைக் காலை ஏணி போடுகிறேன்.